எச்சரிக்கை வரைபடத்தின் பச்சை நிறத்தை நம்பி உரம் போடலாமா? கார்த்திகை வார இறுதி வானிலையை டெல்டாவில் இருந்துகொண்டு படிக்கும் முறை

கார்த்திகை முதல் நாள் காவிரியில் மூழ்கும் முடவன் முழுக்கு முடிந்த அடுத்த வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் விடாமல் கொட்டிய மழை நான்கு நாளாகத் தலைகாட்டவில்லை. வரப்பில் நடந்தால் சேறு இன்னும் காலைக் கவ்வுகிறது. வானம் மட்டும் கழுவித் துடைத்த மாதிரி இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவுச் செய்தியின் கடைசியில் இரண்டு வரி வாசிக்கிறார்கள்: நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் வார இறுதியில் வறண்ட வானிலை நிலவும், பெரிய எச்சரிக்கை எதுவும் இல்லை.

இந்த இரண்டு வரி காஷ்மீருக்கும் சேர்த்துத்தான், கோடியக்கரைக்கும் சேர்த்துத்தான். வடக்கே நவம்பர் பிற்பகுதி என்றால் இலையுதிர் காலத்தின் முடிவு. காற்று அசையாமல் நின்றால் டெல்லியில் மூடுபனியும் புகையும் தரையோடு தங்கிவிடும். மத்திய இந்தியாவில் இரவு குளிரும். நமக்கு இலையுதிர் காலமே கிடையாது. ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்று பிரித்து வைத்தார்கள் நம் முன்னோர். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, சராசரியாக 44 செ.மீ., அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஆகவே இந்த மாதத்தில் அமைதியான வார இறுதி என்பது மழை மூச்சு வாங்கும் நேரம். அந்த இரண்டு நாளை எப்படிக் கணிப்பது, அதில் எதை முதலில் செய்வது என்பதை நாள்வாரியாகச் சொல்கிறேன். வயல் வேலையை வைத்தே எழுதுகிறேன். பந்தல் போடுகிறவர்களும் கூரை ஓடு மாற்றுகிறவர்களும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

தொடங்கும் முன்: நாலைந்து சொற்களும் ஒரு நிறமும்

வானிலை ஆய்வு மையத்தின் சொற்கள் நாம் பேசும் சொற்களைப் போலவே இருக்கும். பொருள் மட்டும் அளந்து வைத்த பொருள். மழை அளக்கும் நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவாகும் என்றால் "ஓரிரு இடங்களில்". 26 முதல் 50 வரை "ஒரு சில இடங்களில்", 51 முதல் 75 வரை "அநேக இடங்களில்", அதற்கு மேல் "பெரும்பாலான இடங்களில்". இது மழையின் பரப்பைத்தான் சொல்கிறது. எவ்வளவு பெய்யும் என்பது வேறு கணக்கு. 24 மணி நேரத்தில் 2.5 மி.மீ. முதல் 15.5 மி.மீ. வரை லேசான மழை, 64.4 வரை மிதமான மழை, 64.5 முதல் 115.5 வரை கனமழை, 204.4 வரை மிக கனமழை, அதைத் தாண்டினால் அதி கனமழை.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். எச்சரிக்கை வரைபடத்தில் மாவட்டம் பச்சையாக இருந்தால் "எச்சரிக்கை இல்லை" என்று பொருள். "மழை இல்லை" என்று பொருள் கிடையாது. கனமழைக்கான எச்சரிக்கையே 64.5 மி.மீ.யில்தான் தொடங்குகிறது. 6 செ.மீ. மழை பெய்து முடித்தாலும் அது ஏட்டில் மிதமான மழைதான். வரைபடம் பச்சையாகவே இருந்திருக்கலாம். அந்த 6 செ.மீ. ஒரு மா நிலத்தில் (மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்) எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 80,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஆறேழு வந்து வயலில் கொட்டிவிட்டுப் போனது போல.

இதைப் பணம் கட்டிக் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, மாவட்டம் பச்சையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தண்ணீரை வடித்து, வளரும் பயிருக்கு இடும் மேலுரமாக ஒரு மூட்டை யூரியாவை வீசினேன். 45 கிலோ. இரவு இரண்டு மணிக்குத் தகரக் கூரையில் சத்தம் கேட்டது. ஒரு மணி நேரம்தான் பெய்தது. விடிந்து போய்ப் பார்த்தால் என் வயல் தண்ணீர் தாழ்ந்த வரப்பைத் தாண்டிப் பங்காளி வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பத்து நாள் கழித்து அவருடைய பயிர் கரும்பச்சையில் நின்றது. "நல்ல கைராசி உனக்கு" என்றார். அன்றைய அறிக்கையை எடுத்து மறுபடி படித்தேன். "கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை" என்று தெளிவாகவே இருந்தது. நான் நிறத்தை மட்டும் பார்த்திருந்தேன்.

இன்னொரு சிறு பொறி: நாள் கணக்கு. வானிலைக்காரர்களின் நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது. சனிக்கிழமைக்கான முன்னறிவிப்பு என்றால் ஞாயிறு காலை வரை நீளும். சனி நள்ளிரவில் பெய்ததோ ஞாயிறு காலை வெளியாகும் மழைப் பட்டியலில் வரும். "சனிக்கிழமை மழை என்றார்கள், பகல் முழுக்க வெயில் அடித்ததே" என்று திட்டுவதற்கு முன் ஒரு இரவு காத்திருக்க வேண்டும்.

வியாழன்: கடலைப் பாருங்கள்

நிலத்தைப் பற்றிய அறிக்கையைப் படிக்குமுன் வங்கக்கடலைப் பார்த்துவிட வேண்டும். வியாழக்கிழமைதோறும் அடுத்த இரண்டு வாரங்களுக்கான நீண்டகாலக் கண்ணோட்டம் வெளியாகிறது. அதில் மழை இயல்பைவிடக் கூடுமா குறையுமா என்ற போக்கு மட்டும் தெரியும். சனிக்கிழமை மூன்று மணிக்கு என்ன நடக்கும் என்று அதில் தேடக்கூடாது. இதைத் தவிர, வெப்பமண்டல வானிலைக் கண்ணோட்டம் என்று நாள்தோறும் ஒன்று வருகிறது. வங்கக்கடலில் அடுத்த ஏழு நாள்களில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகும் வாய்ப்பை நாள்வாரியாக இல்லை, குறைவு, மிதம், அதிகம் என்று வகைப்படுத்திப் போடுவார்கள். குறைவு என்றால் நூற்றுக்கு 33 வரை, மிதம் 67 வரை. வார இறுதிக்கு "இல்லை", செவ்வாய்க்கு "மிதம்" என்று இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நாள் அவகாசம். வேலையை அந்தக் கணக்கில் அடுக்குங்கள்.

கடலில் நடப்பதற்கு ஒரு படிவரிசை உண்டு. முதலில் மேலடுக்கு சுழற்சி, அதாவது உயரத்தில் காற்று சுழல்வது. அது கீழே இறங்கினால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. காற்று மணிக்கு 31 கி.மீ. வேகத்தை எட்டினால் தாழ்வு மண்டலம், 51இல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 63இல் புயல். பெயர் வைப்பது அந்தக் கட்டத்தில்தான். எல்லாச் சுழற்சியும் புயலாவதில்லை, பெரும்பாலானவை பாதியிலேயே கரைந்துவிடும். நம் பயிரைப் பொறுத்தவரை புயல் வரை போகத் தேவையும் இல்லை. வெறும் தாழ்வுப் பகுதியே இலங்கைக்குக் கிழக்கே இரண்டு நாள் நகராமல் நின்றால் போதும், தலைஞாயிறு ஊர்ப் பக்கம் நடவு முழுகிவிடும். 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்த பிறகு ராமநாதபுரம் அருகே கடலில் நின்றுகொண்டே டெல்டாவை நனைத்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

அமைதியான வார இறுதி என்றாலே எனக்கு 2018 நவம்பர் 10, 11 தேதிகள்தான் நினைவுக்கு வரும். சனி, ஞாயிறு. எங்கள் ஊரில் சுள்ளென்று வெயில். சனிக்கிழமை அந்தமான் பக்கம் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகி, ஞாயிறன்று கஜா என்று பெயர் பெற்றது. வெள்ளி அதிகாலை, 16ஆம் தேதி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்தன. அந்த வார இறுதியின் உள்நாட்டு முன்னறிவிப்பில் தவறே இல்லை. அதைப் பார்த்தவர்கள் கடல் பகுதியைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே என் வழக்கம் இது: உழவர்களுக்கான பகுதிக்கு முன்பாக மீனவர்களுக்கான எச்சரிக்கையைப் படிப்பேன். "தென்கிழக்கு வங்கக்கடல், அந்தமான் கடல் பகுதிகளில் சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில்" என்ற வரி இருந்தால், மாவட்ட அறிக்கை எவ்வளவு வறண்டிருந்தாலும் நெல்லை வெளியே நான்கு நாள் விட்டுவைக்க மாட்டேன். நாகப்பட்டினத்து விசைப்படகுகள் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடந்தால் அதுவே ஓர் அறிக்கை.

வெள்ளி: நாடு, பிறகு மாவட்டம்

டெல்லியிலிருந்து வரும் அகில இந்திய அறிக்கை நாளொன்றுக்குப் பலமுறை புதுப்பிக்கப்படுகிறது. அதில் முதலில் கடந்த 24 மணி நேரத்தில் நடந்தது, அடுத்து வானிலை அமைப்புகள், பிறகு முன்னறிவிப்பு, கடைசியில் எச்சரிக்கை அட்டவணை. நேரே அட்டவணைக்குத் தாவாமல் அமைப்புகள் பகுதியை ஒருமுறை படியுங்கள். காரணம் அங்கேதான் இருக்கும்.

அமைதியான வார இறுதிக்கு முன் அங்கே என்ன எழுதியிருக்கும்? வடக்கிலும் மத்திய இந்தியாவிலும் உயர் அழுத்தம் படர்ந்திருக்கும். அங்கிருந்து உலர்ந்த காற்று தெற்கே இறங்கும்போது நம் வடகிழக்குக் காற்றில் ஈரம் குறைந்துவிடும். வானம் தெளியும், இரவில் பனி இறங்கும். "மேற்கத்திய இடையூறு" என்ற சொல்லும் வரும். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து நகர்ந்து வந்து இமயமலையில் பனி பெய்யவைக்கும் காற்றுச் சுழற்சி அது. அது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அதனோடு வரும் மேற்குக் காற்று தெற்கே ஆழமாக இறங்கினால், வங்கக்கடலில் இருக்கும் அமைப்பு நம்மை நோக்கி வராமல் வடக்கே திரும்பிவிடும். டெல்டா பிழைத்த சில வாரங்களுக்கு இமயமலைப் பனிதான் சாட்சி. "அடர்ந்த மூடுபனி" என்று இருந்தால் பார்வைத் தொலைவு 200 மீட்டருக்குக் குறைவு. வடக்கே படிக்கும் பிள்ளைகள் ரயிலில் வருவதாக இருந்தால் தாமதத்துக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி குளிர் அலை, பனிப்பொழிவு அட்டவணைகளைத் தாண்டிப் போய்விடலாம்.

அடுத்து சென்னை மண்டல மையத்தின் தமிழ் அறிக்கை. நாட்டைப் பிரித்திருக்கும் 36 வானிலைக் கோட்டங்களில் தமிழகம், புதுவை, காரைக்கால் சேர்ந்து ஒரே கோட்டம். "தமிழகத்தில் வறண்ட வானிலை" என்பதற்குக் கீழே "டெல்டா மாவட்டங்களில்" என்றோ "கடலோரத் தமிழகத்தில்" என்றோ தனி வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதுதான் உங்கள் வரி. அப்போதும் மாவட்டத்தின் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. தஞ்சாவூர் மாவட்டம் கொள்ளிடக் கரையில் தொடங்கிச் சேதுபாவாசத்திரம் கடற்கரை வரை நீள்கிறது. கும்பகோணத்தில் துணி காயும், பேராவூரணியில் குடை விரியும். கடலோரத்தில் இந்தப் பருவத்து மழை பெரும்பாலும் இரவிலும் அதிகாலையிலும் கடலிலிருந்து ஏறி வரும். உள்ளே தஞ்சை, ஒரத்தநாடு பக்கம் பிற்பகலில் இடியோடு வருவதும் உண்டு. "ஓரிரு இடங்களில்" என்பதை உங்கள் ஊருக்கு மொழிபெயர்க்க இந்த வேறுபாடு உதவும்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு சிறப்பு. மாவட்ட வேளாண் வானிலை அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் வெளியாகிறது. அதைக் கைப்பேசியில் பார்க்க மேக்தூத் செயலி இருக்கிறது, தமிழிலேயே படிக்கலாம். அடுத்த ஐந்து நாளுக்கான மழை, வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம் எல்லாம் எண்களாக இருக்கும். மழை என்ற கட்டத்தில் 0 இருந்தால் மட்டும் மகிழ்ந்துவிடாமல் ஈரப்பதத்தையும் காற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தடிப்பதும் நெல் காய்வதும் அந்த இரண்டைப் பொறுத்தவை.

சனி அதிகாலை: உங்கள் தலைக்கு மேல்

வெள்ளி இரவு எங்கள் திண்ணையில் ஒரு சிறு விசாரணை நடக்கும்.

"என்னப்பா, உன் கைப்பேசி என்ன சொல்கிறது?"

"இரண்டு நாளைக்கு மழை இல்லை என்கிறது, சித்தப்பா."

"நிலாவைப் பார்த்தாயா?"

எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை என்பது அவருடைய அறிக்கை. தட்டான் தாழப் பறப்பது, எறும்பு முட்டையோடு திட்டை ஏறுவது ஆகியவற்றில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். ஆனால் நிலா வட்டத்துக்கு நியாயம் இருக்கிறது. நிலாவிலிருந்து விலகிப் பெரிதாகத் தெரியும் வட்டம் மிக உயரத்தில் பனித்துகள்களால் ஆன மெல்லிய மேகத்தில் உண்டாவது. கடலில் ஒரு அமைப்பு நெருங்கினால் அந்த மேகம்தான் முன்னால் ஓடி வரும். பெரிய வட்டம் தெரிந்த இரவுகளில் இன்சாட் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பார்ப்பேன். இலங்கைக்குக் கிழக்கே வெள்ளைத் திட்டு ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

சனி காலை ஐந்தரைக்குக் காரைக்கால் ரேடார் படத்தைப் பாருங்கள். டெல்டா முழுதும் அதன் பார்வைக்குள் வருகிறது. ஒற்றைப் படம் போதாது. அரை மணி இடைவெளியில் இரண்டு படம் வேண்டும். உதாரணமாக, கரையிலிருந்து 40 கி.மீ. தொலைவில் ஒரு மழைத் திட்டு இருக்கிறது. அரை மணியில் உங்களை நோக்கி 10 கி.மீ. நகர்ந்திருக்கிறது. அப்படியானால் கரைக்கு வர ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. வழியில் கரையவும் செய்யலாம். மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பும் மாவட்டவாரியாக வருகிறது. நெல்லை மூடும் படுதாவை மடித்து வைப்பதா விரிப்பதா என்பதற்கு வெள்ளிக்கிழமை அறிக்கையைவிட இவை மேல்.

பிறகு வயலுக்குப் போங்கள். தெளிந்த வானம், அசையாத காற்று, ஊறிய மண் மூன்றும் சேர்ந்தால் விடியலில் மூட்டம் போட்டிருக்கும். பத்து வரப்புக்கு அப்பால் ஆள் தெரியாது. குனிந்து ஒரு நெல் தாளைப் பாருங்கள். ஒவ்வொரு நுனியிலும் ஒரு துளி. விரலால் தொட்டால் இலை நெடுக ஓடி மடியில் இறங்கும். அந்தத் துளி ஒன்பது மணி வரை உலராமல் நின்றால் அமைதியான வானிலையிலும் ஒரு கேடு இருக்கிறது என்று பொருள். நெல்லில் பூஞ்சையால் வரும் குலைநோய்க்கு இலையில் ஈரமும் குளிர்ந்த இரவும் பிடிக்கும். இலையில் கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு என்று தெரிந்தால் அன்றைக்கு உரத்தைத் தொடாதீர்கள்.

எதை முதலில் செய்வது

வடிகால். வெயில் அடிக்கும்போது வடிகாலில் இறங்க யாருக்கும் மனம் வராது. மழை வந்த பிறகு இறங்கிப் பயனில்லை. சனி முற்பகலை அதற்கே கொடுங்கள். வயலின் தாழ்ந்த மூலையில் மடையை வெட்டி, கதவு போல மண்ணும் புல்கட்டையும் வைத்து அடைத்துவையுங்கள். இரவில் மழை வந்தால் ஒரு உதையில் திறக்கும். ஊர் வடிகாலில் வெங்காயத்தாமரை அடைத்திருந்தால் நாலு பேர் சேர்ந்து இழுத்துப் போடுவதற்கு இதைவிட நல்ல நாள் வராது. திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்காரர்கள் நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமியையும் பார்க்க வேண்டும். அந்த நாள்களில் கடல் ஏற்றம் அதிகமாக இருப்பதால் ஆற்றுமுகத்தில் தண்ணீர் வடியாது. அடுத்த வார மழை அமாவாசையை ஒட்டி வருமானால் இப்போதே வடித்து இடம் பண்ணுங்கள்.

நெல். பின்பட்டக் குறுவை நெல் வீட்டில் ஈரமாகக் கிடந்தால் இரண்டு நாள் வெயில் வரப்பிரசாதம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. அவ்வப்போது தளர்த்துவார்கள், அதை எண்ணி விதைக்க முடியாது. பனி உலர்ந்த பிறகு, ஒன்பதரைக்கு மேல் பரப்புங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் தடிமன் வேண்டாம். காலை இழுத்து இழுத்து நடந்து சால் விடுவார்களே, அதை அரை மணிக்கு ஒருமுறை திசை மாற்றிச் செய்ய வேண்டும். மாலை நான்கரைக்குள் குவித்து மூடிவிட வேண்டும். ஐந்தரை வரை விட்டால் பகலில் போன ஈரத்தில் ஒரு பங்கைப் பனி திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு நெல்மணியை எடுத்துக் கடியுங்கள்: நசுங்கினால் இன்னும் ஒரு நாள், நறுக்கென்று உடைந்தால் மூட்டை பிடிக்கலாம்.

மேலுரம். தூர் கட்டும் சம்பாவுக்கும் இளம் தாளடிக்கும் இதுதான் தருணம். சனி இரவு பற்றிய வரி சுத்தமாக "வறண்ட வானிலை" என்று இருந்தால் மட்டும், தண்ணீரை வடித்து, இலை உலர்ந்த பிறகு வீசுங்கள். ஈர இலையில் விழுந்த யூரியா ஒட்டிக்கொண்டு கருக்கும். யூரியா, ஜிப்சம், வேப்பம்பிண்ணாக்கு ஐந்துக்கு நாலுக்கு ஒன்று என்று கலந்து ஓர் இரவு வைத்திருந்து போடுவது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை. வெள்ளி இரவே கலந்து வைத்தால் சனிக்குத் தயார். முழுகி எழுந்த பயிராக இருந்தால் மண்ணில் போடுவதைத் தள்ளிவைத்து, ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட் கரைத்து இலைமேல் தெளியுங்கள்.

மருந்து. தேவையென்றால் மட்டும். அடித்த பிறகு ஐந்தாறு மணி நேரம் மழை இருக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். காற்று ஒரேயடியாக நின்றுபோன விடியலும் ஆகாது என்பது பலருக்குத் தெரியாது. நுண்துளி இறங்காமல் மூட்டத்தோடு மிதந்து எங்கோ போகும். தென்னங்கீற்று மெல்ல அசையும் முற்பகலோ நாலு மணிக்கு மேலோ சரி.

ஞாயிறு

ஞாயிறு பகல் அறிக்கையை மறுபடி முதலிலிருந்து படியுங்கள்: மீனவர், கடல், நாடு, மாவட்டம். கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை என்று பழமொழி சொல்லிவிட்டுப் படுதாவைப் பரணில் ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30. 2021இல் தைக்கு அறுக்க நின்ற சம்பாவை ஜனவரி மழை சாய்த்தது. படுதா கீழேயே இருக்கட்டும். அவசர எண்கள் மாநிலத்துக்கு 1070, மாவட்டத்துக்கு 1077.

ஒரு வேலை பாக்கி. நேரான பக்கங்கள் கொண்ட டப்பா ஒன்றை, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்துத் தினமும் காலை எட்டரைக்கு அளந்து எழுதுங்கள். இரண்டு பருவம் எழுதினால் "ஓரிரு இடங்களில்" என்று அறிக்கை சொன்ன நாள்களில் உங்கள் வயல் எத்தனை முறை அந்த ஓரிரு இடமாக இருந்தது என்பது கையில் இருக்கும். எனக்குக் கடலோரக் காற்று வந்த நாள்களில் மூன்றுக்கு ஒன்று. போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவின் அடியில் கால் மி.மீ. அளவுக்கு ஈரம் இருந்தது. சித்தப்பா எட்டிப் பார்த்து மழை என்றார், நான் பனி என்றேன். ஏட்டில் 0 என்று எழுதிவிட்டு நெல்லைப் பரப்பப் போனோம்.